வால் நம்முடையது, தலை ஆங்கிலத்துடையது: வினைச்சொல்லிலிருந்து ஆங்கிலம் கற்க

‘அவர் இந்நேரம் போயிருக்க வேண்டும்’ என்று ஊகமாகச் சொல்வோம் இல்லையா, அதில் ‘போயிருக்க வேண்டும்’ என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள்: போய், இருக்க, வேண்டும். இதற்கு ஆங்கிலம் ‘மஸ்ட் ஹேவ் கான்’. மஸ்ட் என்றால் வேண்டும், ஹேவ் நிற்கும் இடத்தில் நம்முடைய ‘இருக்க’, கான் என்றால் போய். மூன்று துண்டும் அப்படியே இருக்கின்றன, வரிசை மட்டும் தலைகீழ்.

இது தற்செயல் இல்லை. ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்பதில் கடைசியில் வரும் ‘இருந்தேன்’தான் எப்போது, யார் என்ற இரண்டையும் சொல்கிறது, ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் கோயிங்’ என்னும்போது முன்னால் நிற்கும் ‘வாஸ்’ காலத்தைச் சொல்லிவிடுகிறது. ‘அனுப்பப்பட்டது’ அங்கே ‘வாஸ் சென்ட்’, ‘வர முடியும்’ அங்கே ‘கேன் கம்’. வினைச்சொல்லோடு இது முடிவதும் இல்லை. ‘மேசையின் மேல்’ என்று நாம் பின்னால் வைக்கும் ‘மேல்’ அங்கே ‘ஆன் தி டேபிள்’ என்று முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘வருவாரா’ என்று வாலில் ஒரு ‘ஆ’ ஒட்டி நாம் கேள்வி கேட்கிறோம், அவர்கள் ‘வில் ஹி கம்’ என்று தலையிலேயே கேட்டுவிடுகிறார்கள். தமிழ் வாலில் சுமப்பதை ஆங்கிலம் தலையில் சுமக்கிறது.

புதிதாகக் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். பலர் 12 கட்டம் போட்ட கால அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் தடுமாறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அட்டவணை தப்பில்லை, ஆனால் அது பிறகு. எந்தச் சொல் எந்த இடத்தில் நிற்கும் என்பது கைக்கு வந்தால் அட்டவணை தானாகப் புரியும். கீழே இருக்கும் வரிசையில் போங்கள், ஒரே நாளில் முடிக்க வேண்டாம்.

முதல் வேலை, வினையைக் கண்டுபிடிப்பது

எந்த ஆங்கில வாக்கியத்தை எடுத்தாலும் முதலில் வினைச்சொல் எது என்று தேடுங்கள். தமிழில் இது சுலபம், பெரும்பாலும் கடைசிச் சொல்தான் வினை. ஆங்கிலத்தில் அது நடுவில் இருக்கும், பார்த்தால் பெயர்ச்சொல் மாதிரியும் இருக்கும். ‘வாட்டர்’ என்றால் தண்ணீர் என்று படித்திருப்போம். ஆனால் ‘ஷி வாட்டர்ஸ் தி பிளான்ட்ஸ்’ என்றால் அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அங்கே வாட்டர் வினை. ‘புக்’ புத்தகம்தான், ‘புக் எ டிக்கெட்’ என்னும்போது அதுவும் வினை. ஆகவே சொல்லின் பொருளை வைத்து வினையா இல்லையா என்று முடிவு செய்யாதீர்கள், அது நிற்கும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் முன்னால் ‘எஸ்டர்டே’, அதாவது நேற்று, என்று போட்டுப் பாருங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வினை. ‘எஸ்டர்டே ஷி வாட்டர்ட் தி பிளான்ட்ஸ்.’ வாட்டர்ஸ் வாட்டர்ட் ஆனது, ஷியும் பிளான்ட்ஸும் அசையவில்லை. ‘கட்’, ‘புட்’, ‘ஷட்’, ‘ஹிட்’ போன்ற சில சொற்கள் நேற்றுக்கும் மாறாமல் அப்படியே இருக்கும். அங்கேயும் ஒரு தடயம் உண்டு: ‘ஹி கட்ஸ் தி பேப்பர்’ என்றால் வழக்கமாக வெட்டுகிறான், ‘ஹி கட் தி பேப்பர்’ என்றால் வெட்டினான். அந்த ஒரு ‘ஸ்’ இல்லாததே இறந்தகாலம் என்று சொல்லிவிடுகிறது. ‘ரீட்’ என்ற சொல்லுக்கு எழுத்து மாறாது, உச்சரிப்பு மட்டும் ‘ரெட்’ என்று மாறும்.

எழுவாயை விட்டுவிடாதீர்கள்

பள்ளியில் ‘தோன்றா எழுவாய்’ என்று படித்தோமே, அதுதான் இங்கே நம் காலை வாருகிறது. ‘வந்தேன்’ என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொள்ளலாம், ‘ஏன்’ விகுதியிலேயே ‘நான்’ ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற சொல் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆளைக் காட்டும் விகுதி அதற்கு இல்லை. அதனால் யார் என்று தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்: ‘ஐ கேம்’, ‘ஷி கேம்’, ‘தே கேம்’. எழுவாய் வரும், உடனே பின்னால் வினை வரும். இந்த ஜோடியை எந்த வாக்கியத்திலும் முதலில் கட்டிவிடுங்கள், மீதி எல்லாம் அதற்குப் பிறகு.

எழுவாய்க்கு ஆளே இல்லாவிட்டால்? அப்போதும் ஆங்கிலம் அந்த நாற்காலியைக் காலியாக விடாது. ‘மணி அஞ்சு’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் ‘இட் இஸ் ஃபைவ்’ என்பார்கள். ‘மழை பெய்கிறது’ என்பதற்கு ‘இட் இஸ் ரெய்னிங்’. இந்த ‘இட்’டுக்கு ‘அது’ என்று பொருள் தேடாதீர்கள், இடத்தை நிரப்ப வந்த சொல் அது. இதே மாதிரிதான் ‘தேர்’ என்பதும். ‘மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்பதை ‘தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்’ என்கிறார்கள். புதிதாக ஒன்று இருப்பதைச் சொல்லும்போது ‘தேர் இஸ்’, ஒன்றுக்கு மேல் என்றால் ‘தேர் ஆர்’. கட்டளையில் மட்டும் எழுவாய் மறையலாம்: ‘கம் ஹியர்’, ‘ஓப்பன் தி டோர்’. அங்கே எதிரில் இருப்பவர்தான் எழுவாய் என்பது இருவருக்கும் தெரியும்.

தமிழ் சொல்லாமல் விடும் சொல்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

‘அவர் ஆசிரியர்.’ முழு வாக்கியம். வினை எங்கே? இல்லை. பெயரே பயனிலையாக வந்துவிட்டது, இலக்கணத்தில் இதைப் பெயர்ப் பயனிலை என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழியே இல்லை, வினை இல்லாமல் அங்கே வாக்கியம் நிற்காது. அதனால் இடையில் ஒரு சொல்லை வைக்கிறார்கள்: ‘ஹி இஸ் எ டீச்சர்.’ நாம் நினைப்பது தமிழில் என்பதால் ‘ஹி டீச்சர்’, ‘மை நோட்புக் ப்ளூ’, ‘வி ரெடி’ என்று வாய்க்கு வந்துவிடும். தமிழில் வினையே இல்லாமல் ஒரு வாக்கியம் மனதில் தோன்றினால், உடனே ஒரு மணி அடிக்க வேண்டும்: இங்கே ‘பி’ வேண்டும்.

‘பி’ என்ற வினைக்கு மொத்தம் எட்டு உருவங்கள்: பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வெர், பீன், பீயிங். வேறு எந்த ஆங்கில வினைக்கும் இத்தனை இல்லை. ஐ என்றால் ஆம், ஹி ஷி இட் என்றால் இஸ், வி யூ தே என்றால் ஆர். நேற்று என்றால் ஐ, ஹி, ஷி, இட் நான்குக்கும் வாஸ், மற்றவற்றுக்கு வெர். கடைசி இரண்டு உருவங்களும் துணைவினைகளோடு வரும்போது தானாகப் பழகிவிடும், இப்போது கவலை வேண்டாம்.

அடுத்தது ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள். தமிழில் இவை ஏராளம், நான்காம் வேற்றுமையை நாம் அவ்வளவு இயல்பாகப் பயன்படுத்துகிறோம். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்கிறது, எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த ‘எனக்கு’ அத்தனையும் ‘ஐ’ ஆகிவிடும். பசிக்கிறது என்பதற்கு ‘ஐ ஆம் ஹங்ரி’, தெரியும் என்பதற்கு ‘ஐ நோ’, பிடிக்கும் என்பதற்கு ‘ஐ லைக் இட்’, தலைவலிக்கு ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்’, தம்பிக்கு ‘ஐ ஹேவ் எ யங்கர் பிரதர்’. ‘டு மி’ என்று தொடங்க வேண்டும் போலத் தோன்றினால் நிறுத்திவிட்டு ‘ஐ’யில் தொடங்குங்கள். இவற்றில் எதற்கு ஆம், எதற்கு ஹேவ், எதற்குத் தனி வினை என்பதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு நோட்டில் ‘எனக்கு’ வாக்கியங்களாக ஒரு பக்கம் எழுதி, எதிரில் ஆங்கிலத்தை எழுதிவையுங்கள். 20 எழுதினால் அன்றாடப் பேச்சில் வருவதில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும்.

‘பி’ பழகியதும் நேர்மாறான பிழை ஒன்று வரும், வந்தால் பயப்படாதீர்கள், கற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம்தான். எல்லா இடத்திலும் ‘ஆம்’ நுழைந்துவிடும்: ‘ஐ ஆம் கோ’, ‘ஐ ஆம் லைக் திஸ்’, ‘ஐ ஆம் அக்ரீ’. கோ, லைக், அக்ரீ மூன்றுமே வினைகள், அவற்றுக்குத் துணையாக ஆம் தேவையில்லை. ‘ஐ அக்ரீ’ போதும். ஆம் போட்டுவிட்டால் அடுத்து வரும் வினை ‘கோயிங்’ என்பது மாதிரி உருமாறித்தான் வர வேண்டும்.

ஐந்து வடிவங்கள்

பூனை நாயைத் துரத்தியது. நாயைப் பூனை துரத்தியது. இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் ‘நாயை’ என்பதில் இருக்கும் இரண்டாம் வேற்றுமை உருபு, நாய் எங்கே நின்றாலும் அதுதான் துரத்தப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. ‘தி கேட் சேஸ்ட் தி டாக்’ என்றால் பூனை துரத்தியது, ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்றால் நாய் துரத்தியது. சொற்கள் அதே, இடம் மாறியதும் துரத்தியவரே மாறிவிட்டார். வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. அதனால்தான் வாக்கிய வடிவங்களைத் தெரிந்துகொள்வது அங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

1904லேயே சி. டி. ஆனியன்ஸ் என்ற ஆங்கிலேய இலக்கண அறிஞர் இந்த வடிவங்களை ஐந்தாக வகுத்துவிட்டார். 1985இல் ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய சகாக்களும் எழுதிய பெரிய இலக்கணம் இன்னும் நுணுக்கமாகப் பிரித்து ஏழு என்றது. தொடங்குபவருக்கு ஐந்து போதும் என்பது என் கருத்து. எந்த வடிவம் வரும் என்பதை வினைதான் முடிவு செய்கிறது, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வடிவம் எழுவாயும் வினையும் மட்டும். ‘பேர்ட்ஸ் ஃப்ளை.’ ‘தி பேபி ஸ்லெப்ட்.’ எதை என்று கேட்டால் பதில் வராது. தூங்கியது, எதைத் தூங்கியது? கேள்வியே பொருந்தவில்லை. நம் இலக்கணத்தில் இதைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்கிறோம். எங்கே, எப்போது, எப்படி என்று பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், ‘தி பேபி ஸ்லெப்ட் வெல் லாஸ்ட் நைட்’ என்றாலும் வடிவம் இதுவே.

இரண்டாவதில் வினை ஒரு சமக்குறி மாதிரி. ‘ஷி இஸ் எ டாக்டர்’, ‘தி மில்க் டர்ன்ட் சவர்’, ‘யூ லுக் டயர்ட்’. இடது பக்கம் இருப்பதும் வலது பக்கம் இருப்பதும் ஒரே ஆள், ஒரே பொருள். இங்கே வரும் வினைகள் சிலதான்: பி, பிகம், சீம், லுக், ஃபீல், டர்ன், இன்னும் கொஞ்சம். ‘ஷி லுக்ஸ் ஹேப்பி’ என்றுதான் வரும், ‘ஹேப்பிலி’ வராது. நாம் சொல்வது அவள் பார்க்கும் விதத்தை இல்லை, அவள் எப்படி இருக்கிறாள் என்பதை.

மூன்றாவதுதான் அதிகம் புழங்குவது: எழுவாய், வினை, செயப்படுபொருள். ‘ஐ ரெட் தி லெட்டர்.’ எதை என்று கேட்டால் பதில் வரும். இங்கே ஒரு சிக்கல், எந்த வினை நேரடியாகச் செயப்படுபொருளைப் பிடிக்கும், எதற்கு இடையில் ஒரு சிறு சொல் வேண்டும் என்பதில் தமிழ் உதவாது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம், அதனால் ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் இட்’ என்று எழுதிவிடுகிறோம். சரியானது ‘வி டிஸ்கஸ்ட் இட்’. ‘அவருக்காகக் காத்திருந்தேன்’ என்பதற்கு ‘ஐ வெயிட்டட் ஃபார் ஹிம்’, இங்கே ஃபார் வேண்டும். ‘பாட்டைக் கேட்டேன்’ என்பதற்கு ‘ஐ லிசன்ட் டு தி சாங்’, இங்கே டு வேண்டும். வினையைக் கற்கும்போதே அதன் வால்பிடித்து வரும் சிறு சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். ‘வெயிட்’ என்று தனியாக எழுதிவைக்காமல் ‘வெயிட் ஃபார்’ என்று எழுதிவையுங்கள்.

நான்காவதில் இரண்டு செயப்படுபொருள்கள், ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பது. ‘ஷி கேவ் மி எ புக்.’ ஆள் முதலில், பொருள் பிறகு. திருப்பினால் இடையில் டு வர வேண்டும்: ‘ஷி கேவ் எ புக் டு மி.’ கிவ், சென்ட், ஷோ, டெல், டீச் எல்லாம் இப்படிப் போகும். ஆனால் ‘எக்ஸ்பிளெயின்’ இந்தக் கூட்டத்தில் சேராது. ‘எக்ஸ்பிளெயின் மி’ என்பது தவறு, ‘எக்ஸ்பிளெயின் இட் டு மி’ என்பதுதான் சரி. ‘சே’யும் அப்படித்தான், ‘ஹி செட் மி’ என்று வராது. ஆளைச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஹி டோல்ட் மி’.

ஐந்தாவது, ஒன்றை வேறொன்றாக ஆக்குவது அல்லது அழைப்பது. ‘தி நியூஸ் மேட் ஹிம் சேட்’, செய்தி அவனை வருத்தமாக்கியது. ‘தே பெயிண்டட் தி டோர் க்ரீன்’, கதவுக்குப் பச்சை அடித்தார்கள். இதில் ஹிம்முக்கும் சேடுக்கும் நடுவில் ஒரு ‘இஸ்’ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள், வடிவம் பிடிபட்டுவிடும்.

காலத்தை ஒரே ஒரு சொல்தான் சுமக்கும்

என் சித்தப்பா மகனுக்கு ஒரு விடுமுறையில் சொல்லிக்கொடுத்தபோது, ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில் ‘டிட் யூ வென்ட்’, ‘ஐ டிட் நாட் சா’ என்ற மாதிரி எழுதியிருந்தான். திருத்தினால் அடுத்த பக்கத்திலும் அதே. கேட்டால், ‘நேத்து நடந்ததுதானே, அப்போ வென்ட்தானே வரணும்?’ என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விதியைச் சொல்லிப் பயனில்லை என்று புரிந்து, ‘போகவில்லை’ என்று எழுதச் சொன்னேன். ‘போனேன்வில்லை என்று சொல்வாயா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பேனாவை எடுத்து நான்கு வரியையும் அவனே அடித்துத் திருத்தினான்.

அதுதான் விஷயம். தமிழில் ‘இல்லை’ சேரும்போது ‘போனேன்’ தன் காலத்தையும் ஆளையும் கழற்றிவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் ‘டிட்’ வந்து காலத்தை வாங்கிக்கொண்டதும் ‘வென்ட்’ தன் இறந்தகாலத்தைக் கழற்றிவிட்டு ‘கோ’ ஆகிறது. ‘ஐ டிட் நாட் கோ.’ அதேபோல ‘ஷி வொர்க்ஸ்’ என்பதில் இருக்கும் ‘ஸ்’, மறுக்கும்போது டூவுக்குத் தாவி அதை ‘டஸ்’ ஆக்குகிறது: ‘ஷி டஸ் நாட் வொர்க்’. டஸ் போட்டுவிட்டு வொர்க்ஸ் என்றும் எழுதினால் ஒரே சுமையை இரண்டு பேர் தூக்குகிறார்கள் என்று பொருள்.

கேள்விக்கும் இதே கதை. தலையில் இருக்கும் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிடும். ‘ஷி இஸ் ரெடி’ என்பது ‘இஸ் ஷி ரெடி’ ஆகும், ‘தே கேன் ஸ்விம்’ என்பது ‘கேன் தே ஸ்விம்’ ஆகும். தாண்டுவதற்குத் துணைவினையே இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் மூன்றில் ஒன்றைக் கூப்பிட வேண்டும்: ‘டூ யூ நோ ஹிம்?’ ஆங்கிலத்தில் இது எப்போதும் இப்படி இருக்கவில்லை, பழைய ஆங்கிலத்தில் டூ இல்லாமலேயே ‘நோ யூ’ என்ற வரிசையில் கேட்பார்கள். இந்த டூ பழக்கம் சுமார் 1500க்கும் 1700க்கும் இடையில்தான் பரவி நிலைபெற்றது. இன்னொன்று, கேள்வி ஒரு பெரிய வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் தாண்டல் கிடையாது. ‘வேர் இஸ் ஷி?’ தனிக் கேள்வி. ‘டூ யூ நோ வேர் ஷி இஸ்?’ என்னும்போது இஸ் தன் இடத்துக்கே திரும்பிவிடும்.

துணைவினைகளில் கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட் என்ற ஒன்பதும் மிகவும் சாதுவானவை. எந்த ஆளுக்கும் மாறாது, பின்னால் வரும் வினையும் மாறாது. ‘ஷி கேன் சிங்’. கேன்ஸ் கிடையாது, சிங்ஸ் கிடையாது, இடையில் டுவும் கிடையாது. எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினைக்குத் தனி விகுதி இல்லாததால் ‘வில்’லை வைத்தோ ‘கோயிங் டு’வை வைத்தோ சமாளிக்கிறார்கள்.

ஒன்றுக்கு மேல் துணைவினைகள் வரும்போது, முன்னால் இருப்பது தனக்கு அடுத்தது எந்த உருவத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்கிறது. வில் வந்தால் அடுத்தது வெறும் வினை. ஹேவ் வந்தால் அடுத்தது மூன்றாம் உருவம், அதாவது கான், சீன், பீன் மாதிரி. பி வந்தால் அடுத்தது ‘இங்’ உருவம், செயப்பாட்டுவினை என்றால் மூன்றாம் உருவம். ‘வில் ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்று எவ்வளவு நீளமாக வந்தாலும் ஒவ்வொரு பெட்டியையும் முன்னால் இருக்கும் பெட்டி இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

உருவங்களை எப்படிப் பழகுவது

பெரும்பாலான வினைகள் ஒழுங்காக ‘ட்’ சேர்த்துக்கொள்ளும்: வாக், வாக்ட், வாக்ட். உச்சரிப்பில் ஒரு கவனம். ட ஒலியில் முடியும் வினைக்கு மட்டும்தான் கூடுதல் அசை வரும், வான்ட் என்பது வான்டட், நீட் என்பது நீடட். மற்றவற்றுக்கு வராது. வாஷ் என்பது ‘வாஷ்ட்’, ‘வாஷெட்’ இல்லை.

ஒழுங்கில்லாத வினைகள் சுமார் 200 இருக்கும். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஆனால் தவிர்க்கவும் முடியாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பத்து வினைகளான பி, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், சீ எல்லாமே இந்த வகைதான். தமிழிலும் அப்படித்தானே, வா என்பது வருகிறேன், வந்தேன் என்று எப்படியெல்லாம் மாறுகிறது. அதிகம் வாயில் புழங்கும் சொற்கள்தான் பழைய மாற்றங்களை விடாமல் வைத்திருக்கின்றன. ‘கோ’வின் இறந்தகாலம் ‘வென்ட்’ என்பதற்கும் ஒரு காரணம் உண்டு, அது ஒரு காலத்தில் ‘வெண்ட்’ என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். கோ அதை எடுத்துக்கொண்டது. மனப்பாடம் செய்யும்போது அகரவரிசையில் போகாமல் ஓசை ஒத்தவற்றைச் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். சிங் சாங் சங், ரிங் ராங் ரங், டிரிங்க் டிராங்க் டிரங்க். திங்க் தாட் தாட், பிரிங் பிராட் பிராட், பை பாட் பாட். ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் போதும்.

அப்புறம் ‘இங்’. தமிழில் ‘படிக்கிறேன்’ என்பது தினமும் படிப்பதற்கும் வரும், இப்போது படித்துக்கொண்டிருப்பதற்கும் வரும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்தே தீரும்: வழக்கம் என்றால் ‘ஐ ரீட்’, இந்த நேரம் என்றால் ‘ஐ ஆம் ரீடிங்’. மனதில் இருக்கும் நிலைகளைச் சொல்லும் நோ, வான்ட், லைக், பிலீவ் போன்றவற்றுக்குப் பொதுவாக ‘இங்’ போடுவதில்லை. ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ என்று சொல்லாமல் ‘ஐ நோ ஹிம்’ என்று சொல்லுங்கள். உடைமையைச் சொல்லும் ஹேவுக்கும் அப்படியே, ‘ஐ ஆம் ஹேவிங் எ பிரதர்’ வராது.

நீண்ட வாக்கியத்தை அவிழ்ப்பது

இவ்வளவும் வந்த பிறகு ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘தி ஓல்ட் மேன் இன் தி கார்னர் சீட் ஹேஸ் பீன் ரீடிங் தி சேம் பேஜ் ஃபார் ஆன் அவர்.’ முதலில் வினை. எந்தச் சொல் காலத்தைச் சுமக்கிறது? ஹேஸ். அதை வட்டமிடுங்கள். அது இழுத்துக்கொண்டு வருவது பீன், பீன் இழுப்பது ரீடிங். ஆக வினைத்தொகுதி ‘ஹேஸ் பீன் ரீடிங்’. வட்டத்துக்கு இடது பக்கம் முழுவதும் எழுவாய்ப் பகுதி. அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, மேன், சீட். படிப்பது யார்? மேன். ‘இன் தி கார்னர் சீட்’ அவர் எங்கே இருப்பவர் என்று சொல்ல வந்த அடைமொழி. எதைப் படிக்கிறார்? ‘தி சேம் பேஜ்’. மூன்றாவது வடிவம். மிச்சம் இருக்கும் ‘ஃபார் ஆன் அவர்’ எவ்வளவு நேரம் என்கிறது. இப்போது வாலிலிருந்து தலைக்கு வந்தால் தமிழ் கிடைக்கிறது: மூலை இருக்கையில் இருக்கும் அந்த முதியவர் ஒரு மணி நேரமாக அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

எழுவாய்ப் பகுதியிலும் அந்தத் தலை வால் கணக்கு வேலை செய்வதைப் பாருங்கள். நாம் அடைமொழியை எல்லாம் முன்னால் அடுக்கிக் கடைசியில் ‘முதியவர்’ என்று முடிக்கிறோம். அவர்கள் மேன் என்று தொடங்கிவிட்டு இருக்கையைப் பின்னால் சொல்கிறார்கள். இதனால்தான் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் ஆர்’ என்ற பிழை வருகிறது. வினைக்குப் பக்கத்தில் ஃப்ரெண்ட்ஸ் நிற்பதால் ஆர் என்று தோன்றும். ஆனால் எழுவாயின் தலை ‘ஒன்’, ஒருவர். ஆகவே ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் ஹியர்’. ‘தி பாக்ஸ் ஆஃப் பென்சில்ஸ் இஸ் எம்ப்டி’ என்பதும் அப்படியே, காலியாக இருப்பது பெட்டி.

தினமும் ஏதாவது ஆங்கிலச் செய்தியில் ஐந்து வாக்கியம் எடுத்து, காலத்தைச் சுமக்கும் சொல்லை வட்டமிட்டு, இடது பக்கம் ‘யார்’ என்றும் வலது பக்கம் ‘எதை’ என்றும் எழுதிப் பாருங்கள். அகராதியைப் பிறகு திறக்கலாம், பொருள் தெரியாத சொல் இருந்தாலும் வட்டம் போட முடியும். தலைப்புச் செய்திகளை மட்டும் எடுக்காதீர்கள், அங்கே இடத்தை மிச்சம் பிடிக்க இஸ், ஆர் போன்றவற்றை விட்டுவிடுவார்கள், தொடங்குபவருக்கு அது குழப்பும். செய்தியின் உள்ளே இருக்கும் வாக்கியங்கள்தான் நல்லவை. அதே ஐந்தில் ஒன்றை மறுப்பாகவும் ஒன்றைக் கேள்வியாகவும் மாற்றி, வாய்விட்டு ஒருமுறை சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் வட்டம் போடச் சொல்லே கிடைக்கவில்லை என்றால் திரும்ப முதலிலிருந்து படியுங்கள், அது எழுவாய் முடிந்த உடனே அடுத்த இடத்தில்தான் இருக்கும்.